சரி என்றது கரை

கஸ்பாரின் நாடித் துடிப்பு எழுபத்திரண்டு என்று திரை சொன்னது. நாற்பத்தாறு வயது ஆள், கரையிலிருந்து நூற்றுப் பத்து மைல் தள்ளி, ஐப்பசிக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் படகில் இருக்கிறார், அவருக்கு எழுபத்திரண்டு. கொடுத்து வைத்த உடம்பு. நேற்றுக் காலை நாலே காலுக்கு எழுந்திருக்கிறார். ஐந்து பத்துக்கு வலை இறக்கியிருக்கிறார்கள். பதினொன்றே முக்காலுக்கு இழுத்து, அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ மீன் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்குத் தூக்கம். அத்தனையும் பச்சை எழுத்தில், வரி வரியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

சண்முகவடிவு திரையை எதிரே நின்ற பெண்ணின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாருங்கக்கா. ஒங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காவ. காத்து கொஞ்சம் கூடுதல்தான், ஆனா படகுல ஒரு கொறையும் இல்ல. இதுக்குப் போயி இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்தியளா?"

"என் போனுலயும் இதேதான் காட்டுது டீச்சர். அதப் பாத்துத்தான் வந்தேன்" என்றாள் பிரகாசி.

பிரகாசிக்கு நாற்பத்தொரு வயது. சிலுவைமுனைக்காரி. 'சிந்தாத்திரை மாதா' என்ற படகுக்குச் சொந்தக்காரரும் ஓட்டுபவருமான கஸ்பார் அவள் புருஷன். அதில் போன எட்டுப் பேரில் அவளுடைய தம்பி தஸ்நேவிஸும் ஒருவன். வடிவை அவள் டீச்சர் என்று கூப்பிட்டாலும், வடிவு ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. கரைப்பதிவு நிலையத்தில் இணைப்புப் பொறியாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலுவைமுனைக் கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, படகுப் பெட்டியை எப்படிக் கையாள்வது என்று மூன்று நாள் வகுப்பு எடுத்தாள். அன்றிலிருந்து அந்த ஊருக்கே அவள் டீச்சர்.

"நேத்து என்ன தேதி டீச்சர்?"

"ஒம்பது."

"நவம்பர் ஒம்பது. அவிய அண்ணன் மிக்கேலு இந்தக் கடல்ல போன நாளு. பதினோரு வருசமாச்சு. அன்னைக்கு எங்க ஆளுவ வலை தண்ணியத் தொடாது. எஞ்சின நிப்பாட்டிட்டு, ஒரு கும்பா சோறும் பூவும் கடல்ல விட்டுட்டு, படகுல உள்ள அம்புட்டு பேரும் முட்டுக்குத்தி செபமால சொல்லுவாவ. வாடகப் படகுல போன காலத்துலயே அப்படித்தான். இந்தப் படகு வாங்கிப் பத்து மாசந்தான் ஆவுது. சொந்தப் படகுல, அண்ணன் செத்த நாளும் அதுவுமா, அறுநூறு கிலோ புடிச்சாவளாம்! யாரு புடிச்சா?"

வடிவு வாயைத் திறந்தாள். காலம் மாறுகிறது, டீசல் விற்கிற விலைக்கு மனுஷன் என்ன செய்வான் என்று ஏதோ சமாதானம் சொல்லத்தான். பிரகாசியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"கூடப் போன படகுக்காரங்ககிட்ட கேட்டியளா?"

"அவிய எல்லாம் காத்துக்குப் பயந்து ஏழாந்தேதியே திரும்பிட்டாவ. எங்காளு மட்டும் வரல. கோயில் வயர்லெஸ்ல நின்னு தொண்ட கிழியக் கத்துதோம், அம்புட்டு தூரத்துக்கு எட்ட மாட்டேங்கு. யாருகிட்ட சொன்னாலும் போன நீட்டுதாவ. 'நாடி எழுவத்திரண்டு, ஒனக்கு என்னட்டி கவல'ங்காவ." பிரகாசி மேசைமேல் கையூன்றிக் குனிந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த எழுத்து எம் மாப்பிள்ளைகிட்ட இருந்து வருதா, ஒங்ககிட்ட இருந்து வருதா?"

இப்படி ஒரு கேள்வியை அந்த நிலையத்துக்குள் வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. பெரிய பெரிய அதிகாரிகள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், சுவர் முழுக்கப் பச்சையாக மின்னும் ஆயிரத்து நூற்று நாற்பது படகுகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், போனார்கள். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

வடிவு திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெட்டிச் சட்டம் வந்து நாலு வருஷமாகிறது. ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி. எஞ்சின் எப்போது ஓடியது, வலை எப்போது இறங்கியது, ஆள்கள் கையில் கட்டிய பட்டை என்ன துடிப்பைக் காட்டியது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அது வரி எழுதும். கடலில் வரிசையாக நிறுத்தியிருக்கும் மிதவைகளில் ஒன்று எட்டினால் போதும், அதன் வழியாகக் கரையைக் கூப்பிடும். கூப்பிடுவது எப்போதும் பெட்டிதான். கரை தானாக ஒரு பெட்டியை ஒருநாளும் கூப்பிடாது. கரையில் நாலு சர்வர்கள் உட்கார்ந்திருக்கும். பெட்டி அதில் ஒன்றைப் பிடித்து வரிகளைக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் அடுத்ததைப் பிடிக்கும். வாங்கிக்கொண்ட சர்வர் 'சரி' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தச் 'சரி' வந்தால்தான் பெட்டி தன்னிடம் இருக்கும் பிரதியை அழிக்கும். வராவிட்டால் அழிக்காது, பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிடும்.

இதில் ஒரு பழுதும் இல்லை. பழுது வந்தது மனுஷர்களின் பொறுமையில்.

முதல் வருஷம் ஆறு மணி நேரம் ஒரு படகிடமிருந்து வரி வராவிட்டால் தேடல் கப்பல் போயாக வேண்டும் என்று விதி இருந்தது. நானூறு தடவை போனார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு தடவை படகுக்காரர்கள் மிதவைக்கு எட்டாத தூரத்தில் நிம்மதியாக மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். கடல் மீட்புப் பிரிவு கையெடுத்துக் கும்பிட்டது. நிலைய மேலாளர் கோமதிநாயகம் ஒருநாள் வடிவைக் கூப்பிட்டு, "ஏம்மா, தெனம் செய்யுத வேலையத்தானே இவனுவ செய்யுதானுவ? வரி வராத நேரத்துக்கு வழக்கமா என்ன செய்வானோ அத நாமளே எழுதிட்டா என்ன? நெசமான வரி வந்ததும் மாத்திக்கிடலாம்லா?" என்றார்.

வடிவு ஒன்பது நாளில் எழுதிக் கொடுத்தாள். நிரப்பி என்று பெயர் வைத்தார்கள். முதலில் நிரப்பிய வரிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. சாம்பல் என்றால் செத்துப் போய்விட்டார்களா என்று கேட்டு வீட்டுப் பெண்கள் போன்மேல் போன் போட்டார்கள். எல்லாவற்றையும் பச்சையாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சென்னையில் உள்ள தலைமை சர்வர்களுக்கும் அதே நிரப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்காக வடிவுக்குக் கொடுத்த கேடயம், இதோ, பிரகாசியின் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"இருங்க அக்கா. இத உக்காந்து பாப்போம்" என்றாள் வடிவு.

அவள் பச்சைத் திரையை மூடிவிட்டு இணைப்புப் பட்டியலைத் திறந்தாள். எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு, எந்த மிதவை வழியாகக் கூப்பிட்டது, எவ்வளவு நேரம் பேசியது என்பது மட்டும் அதில் இருக்கும். அழகில்லாத பட்டியல். மாதத்துக்கு ஒரு தடவைகூட யாரும் திறப்பதில்லை.

சிந்தாத்திரை மாதா. ஏழாம் தேதி மாலை நாலு இருபதுக்குப் பேசியிருக்கிறது. அதற்குப் பிறகு சேர்ந்த வரி ஒன்றுமில்லை. கஸ்பாரின் சாப்பாடு, தூக்கம், அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ மீன் எல்லாம் நிரப்பி எழுதியது.

"எழுதினது நாங்கதான்க்கா" என்றாள் வடிவு. சொல்லாமல் மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

பிரகாசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் கீழே இறங்கியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. எட்டாம் தேதி காலை பதினொன்று ஐந்து. பதினான்காம் மிதவை வழியாக. நாலு நிமிஷம் பேசியிருக்கிறது. அனுப்பியது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரி. சேர்த்தது பூஜ்யம். இரட்டை என்று தள்ளியது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. சொன்ன 'சரி' இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

வடிவு அதை மூன்று தடவை படித்தாள்.

"கோமதி சார்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து கோமதிநாயகம் வாயில் பாதி மக்ரூனோடு ஓடி வந்தார். சர்க்கரைக்காரர். டாக்டருக்கும் மனைவிக்கும் தெரியாமல் மேசை டிராயரில் டப்பா வைத்துத் தின்கிறவர்.

"என்னம்மா, தீப்பிடிச்சிட்டா?"

"இரட்டை விதி சார். போன டிசம்பர்ல நான் போட்டேன்லா, ஞாபகம் இருக்கா? நம்ம 'சரி' நடுவழில அறுந்து போச்சுன்னா பெட்டி அதே வரிய மறுபடி அனுப்பும். ஒரே மீனு ரெண்டு தடவ ஏறிச்சுன்னு சண்ட வந்துச்சு. அதுக்காக, அந்தப் படகுக்கு அந்த நிமிசத்துல ஏற்கெனவே வரி இருந்தா, புதுசா வாரதத் தூக்கிப் போட்டுட்டு 'சரி' மட்டும் சொல்லிரும்னு எழுதினேன்."

"ஆமா. நல்லதுதான?"

"ஏற்கெனவே இருக்கிற வரி நிரப்பி எழுதினதா இருந்தா?"

கோமதிநாயகம் மென்றதை நிறுத்தினார்.

"அது நெசமா பொய்யான்னு பாக்க நான் சொல்லல சார். சாம்பல எடுத்ததுமே அந்த அடையாளமும் போயிட்டு. பதினோரு மாசமா, யாரு முந்தி எழுதுதாவளோ அதுதான் உண்ம. திரை தேங்கிரப்படாதுன்னு நிரப்பி ஒரு மணி நேரம் முந்தியே எழுதிரும். அப்பம் எந்தப் பெட்டி லேட்டாக் கூப்பிட்டாலும், எடம் இல்ல. நெசத்த வெளிய தள்ளிட்டு, 'சரி, கெடச்சிட்டு'ன்னு சொல்லி அனுப்பியிருக்கோம். அதக் கேட்டுப் பெட்டியும் தன் பிரதிய அழிச்சிரும்."

"எட்டாந்தேதி என்ன அனுப்பினானுவ?"

"தெரியாது. தள்ளினத நாம வச்சிக்கிடுறதில்ல. நீளம் மட்டுந்தான் பட்டியல்ல இருக்கு." அவள் திரையில் விரலை வைத்தாள். "கடைசி ஒரு நிமிசத்தப் பாருங்க. நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு. முப்பத்தெட்டு தடவ. நாப்பத்தோரு எழுத்துல நம்மகிட்ட ஒரே ஒரு வரிதான் சார் இருக்கு."

கோமதிநாயகத்துக்கும் தெரியும். ஆபத்துப் பொத்தானை அமுக்கினால் போகிற வரி அது.

பிரகாசிக்கு எண்ணெல்லாம் புரிந்ததோ இல்லையோ, அவர் முகத்தில் ஈயாடாததைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "முப்பத்தெட்டு தடவ கூப்பிட்டிருக்காவளா?" என்று கேட்டாள். "நீங்க என்ன சொன்னிய?"

"சரின்னு சொன்னோம்" என்றாள் வடிவு.

பதினான்காம் மிதவை பதினெட்டு மைல் வரைக்கும்தான் கேட்கும். அந்த வட்டத்துக்குள்தான் அவர்கள் எங்கோ இருந்திருக்க வேண்டும். எட்டாம் தேதி பதினொரு மணிக்கு. இன்றைக்குத் தேதி பத்து. கோமதிநாயகம் கடல் மீட்புப் பிரிவுக்குப் போன் போட்டார். மனுஷன் கெஞ்சினார், குழைந்தார், கடைசியில் கத்தினார். எதிர்முனையில் இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார்.

"சார், என் திரையில அந்த போட்டு இருக்கு. நேத்து அறுநூறு கிலோ ஏத்திருக்கான். இப்போ எஞ்சின் ஓடுது. எட்டுப் பேருக்கும் துடிப்பு நார்மல். இதுக்குக் கப்பல் விட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அது நாங்க எழுதினதுங்க!"

"அப்போ உங்க பதிவைத் திருத்துங்க. திருத்தினது என் திரையில வரட்டும். உடனே அனுப்பறேன்."

கோமதிநாயகம் போனை வைத்தார். வடிவு ஏற்கெனவே நிரப்பியின் கட்டளைப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"நிப்பாட்டப் போறேன் சார்."

"இரும்மா. யோசி." அவர் நெற்றியைத் தேய்த்தார். "இத நிப்பாட்டினா பதினோரு மாசப் பதிவும் பொய்யின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. கோர்ட்டுல இந்தப் பதிவ வச்சுத் தீர்ப்பு ஆயிருக்கு. எல்ல தாண்டுனான்னு இந்தப் பதிவ வச்சு ஆள உள்ள வச்சிருக்கான். எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு வடிவு. மூத்தவளுக்குத் தையில கல்யாணம்."

"அவியளுக்கு எத்தன நாளு இருக்கு சார்?"

அவர் பிரகாசியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் பாக்கல" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வடிவு பொத்தானை அமுக்கினாள். சுவர்த் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படகுகள் அணைந்தன. பிறகு கொத்துக் கொத்தாக. ஆயிரத்து நூற்று நாற்பதில் மிஞ்சியது எழுநூற்று அறுபத்தொன்று. மீதி முந்நூற்று எழுபத்தொன்பது படகுகள் ஆறு மணி நேரமாக ஒரு வார்த்தையும் பேசாதவை. அதில் எத்தனை பேர் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது.

வடிவு மறுபடி அதிகாரிக்குப் போன் போட்டாள். "இப்பம் பாருங்க சார். முந்நூத்தி எழுவத்தொம்பது படகு காணல."

"எல்லாம் இருக்கே மேடம்."

"என்ன?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது. பச்சையா இருக்கு. சிந்தாத்திரை மாதாவும் இருக்கு. இப்பதான் மதியச் சாப்பாடு முடிச்சிருக்காங்க."

வடிவு போனைக் காதிலிருந்து எடுத்தாள். இந்த நிலையமே சென்னைக்கு ஒரு பெட்டிதான் என்பதை அவள் எப்படி மறந்தாள்? இங்கிருந்து வரிகள் மேலே போகும்; மேலே உள்ள சர்வர் வாங்கி 'சரி' சொல்லும். மீட்புப் பிரிவு பார்ப்பது, பிரகாசியின் போன் காட்டுவது, எல்லாம் மேலே இருப்பதைத்தான். இங்கே இடைவெளி விழுந்தால் அங்கே இருக்கும் நிரப்பி அதை நிரப்பும். அவள் எழுதிய நிரப்பி. கேடயம் வாங்கிய நிரப்பி. அவள் அனுப்புகிற திருத்தம் எதுவானாலும் அங்கே போய் இரட்டை என்று வெளியே விழும்.

"இன்னும் என்ன டீச்சர் ரோசன?" என்றாள் பிரகாசி. அவள் சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். "அந்த மிதவ எங்க கெடக்குன்னு ஒரு தாளுல எழுதித் தாங்க. கடல் எங்களுக்கும் தெரியும்."

வடிவு எழுதினாள். ஜன்னலோரம் நின்ற கோமதிநாயகம் திரும்பி வந்து, தாளை வாங்கி, இரண்டு நாள் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் என்று தன் கையால் கீழே குறித்துக் கொடுத்தார். மதியம் இரண்டு மணிக்குள் சிலுவைமுனையிலிருந்து ஆறு படகுகள் கிளம்பிவிட்டன.

பன்னிரண்டாம் தேதி காலை அவை திரும்பின. வடிவு லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போயிருந்தாள். கரையில் ஊரே நின்றது. ஆறு படகுகளில் எதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒவ்வொரு படகாக ஓடிப் பார்த்தாள்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் உயிரோடு வந்தார்கள். இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. கஸ்பாரை வலைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

பிரகாசி போட்ட ஒரு கூப்பாட்டில் கரை அடங்கிப் போயிற்று. அதற்கப்புறம் அவள் சத்தம் போடவில்லை. மணலில் உட்கார்ந்து புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தஸ்நேவிஸின் உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. யாரோ கொடுத்த சுடுகஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். வடிவு அவன் எதிரே போய்க் குத்தவைத்தாள். அவனே பேசினான்.

"ஏழாந்தேதி சாயந்தரம் ஏதோ பெருசா மரம் கணக்கா வந்து முட்டிட்டு டீச்சர். எஞ்சினுக்குள்ள தண்ணி. ஆன்டெனா ஒடிஞ்சிட்டு. மறுநா காலைல மச்சான் கொம்பக் கட்டி, கம்பியச் சுத்தி எப்படியோ பெட்டிய உயிர்ப்பிச்சாவ. பொத்தான அமுக்கு, அமுக்குன்னு அமுக்கினோம். சரி வந்துட்டு! ஒவ்வொரு தடவையும் அந்த வெளக்கு எரிஞ்சுது. நாங்க அழுதுட்டோம், சந்தோசத்துல."

"பொறவு?"

"எட்டு மைல்ல கப்பல் போற பாத. ராத்திரில வெளக்கு வரிசையாத் தெரியும். எங்ககிட்ட தெர்மோகோல் மிதவ ரெண்டு இருந்துச்சு. அதுல துடுப்புப் போட்டுப் போயிருவோம், ஏதாவது கப்பல்காரன் தூக்கிக்கிடுவான்னு நான் சொன்னேன். மச்சான் விடல. 'ஏல, சரி வந்துட்டுல்லா? கர கேட்டுட்டு. இனி எடத்த விட்டு நகரப்படாது. தேடி வாரவியளுக்கு நாம இங்கன இருக்கணும்'னாவ." அவன் கஞ்சியைக் கீழே வைத்தான். "நீங்க வகுப்புல சொன்னத அப்படியே மனசுல வச்சிருந்தாவ டீச்சர். நீங்க சொன்னதத்தான் செஞ்சோம். ஒம்பதாந்தேதி அண்ணன் நாளுன்னு, இருந்த கடைசிப் புடிச் சோத்தக் கடல்ல விட்டுட்டு, முட்டுக்குத்தினாவ. அன்னைக்கு மத்தியானம் படகு இன்னும் சரிஞ்சுது, ரெண்டு பேரு தண்ணில போயிட்டாவ. வலை இழுக்குற வின்ச்சு கழண்டு அவிய நெஞ்சுல விழுந்துட்டு. அப்பவும், 'பயப்படாதிய, வருவாவ'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாவ."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வடிவு தாங்கியிருப்பாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

படகிலிருந்து கழற்றி வந்த பெட்டியை ஒருவர் அவள் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. சின்னத் திரையில் ஒரே ஒரு வரி: எல்லாம் சேர்ந்தது, நிலுவை ஏதுமில்லை.

அப்போது பிரகாசியின் போனில் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எடுத்துப் பார்த்துவிட்டு, பாம்பைத் தொட்டவள் மாதிரி மணலில் போட்டாள். கஸ்பார் காலைச் சாப்பாடு முடித்தார் என்று பச்சை எழுத்தில் இருந்தது. நாடி எழுபத்திரண்டு.

மறுநாள் வடிவு நிலையத்துக்குப் போய் அறிக்கை எழுதினாள். நிரப்பியையும் இரட்டை விதியையும் எழுதியது தான் என்று ஆரம்பித்தாள். எட்டாம் தேதி பதினொன்று ஐந்தை எழுதினாள். சென்னையில் ஓடும் நிரப்பியை இந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், இன்னும் முந்நூற்று எழுபத்தெட்டு படகுகளின் உண்மை நமக்குத் தெரியாது, பச்சையை நம்பி யாரும் இருக்க வேண்டாம் என்று எழுதினாள். கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் சேர்த்தார்.

பொறியாளர்களின் அறிக்கைகளும் அதே வழியாகத்தான் மேலே போகும். தினமும் காலையில் இந்த நேரத்துக்கு நிலையத்திலிருந்து ஒரு அறிக்கை போவது வழக்கம். 'எல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்று நாலே வரி; வரத் தாமதமானால் அதையும் மேலே உள்ள நிரப்பியே எழுதிவிடும். வடிவு அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காத்திருந்தாள். கோமதிநாயகம் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

இரண்டு விநாடிகூட ஆகவில்லை. பதில் வந்துவிட்டது.

சரி.

"அம்புட்டுதானா?" என்றார் அவர். "இம்புட்டு சீக்கிரம் யாரும்மா படிச்சிருப்பா?"

அந்தச் 'சரி'யின் கீழே, பிரதியை அழிக்கலாமா என்று கணினி வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. வடிவு வேண்டாம் என்று அமுக்கி, அறிக்கையைத் தாளில் எடுத்தாள். சிலுவைமுனையிலிருந்து ஆரம்பித்தால் கடற்கரையில் வரிசையாக நாற்பத்திரண்டு ஊர் இருக்கிறது; நாற்பத்திரண்டிலும் மைக்கைப் பிடித்து வகுப்பு எடுத்தவள் அவள்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.